தைப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள்

தையல் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் செய்கிற காரியம், அழகான புதுத் துணி ஒன்றை வாங்குவது. பிறகு அந்தத் துணி அலமாரியில் மடித்தபடியே கிடக்கும். வெட்டினால் பாழாகிவிடுமோ என்ற பயம் கத்தரிக்கோலைத் தொடவிடாது. நியாயமான பயம்தான். ஆகவே புதுத் துணி இப்போதைக்கு வேண்டாம். இனி யாரும் போடப்போவதில்லை என்று ஒதுக்கிய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலர் நைந்திருந்தாலும் பட்டன் போயிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சட்டையை முதலில் பிரிக்கப்போகிறோம். தைப்பது அதற்குப் பிறகு.

பிரிப்பதை ஏன் முதல் பாடமாக வைக்கிறேன் என்றால், ஆடை எப்படி உருவாகிறது என்பதை ஆடையே சொல்லிக்கொடுக்கும். படத்தில் நூறு முறை பார்த்தாலும் புரியாத சங்கதி, கையால் ஒருமுறை பிரித்தால் விளங்கிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது, சாயம் போகாது, கைக்கு மெதுவாக இருக்கும். பட்டன் நுழையும் துளையான காஜா ஏற்கெனவே எடுத்திருக்கும். பட்டிகள் மடித்துத் தைத்திருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கடினமான வேலைகளை வேறொருவர் செய்து முடித்துவைத்திருக்கிறார்.

பிரிக்கும் முறை

தையல் பிரிப்பான் என்று சிறு கருவி கிடைக்கும். அதன் நுனி கவைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஒன்று நீளமான கூர்முனை, மற்றொன்று குட்டையானது, தலையில் சின்னக் குண்டு இருக்கும். இரண்டும் சேரும் வளைவில்தான் அறுக்கும் விளிம்பு. தனித் தையல் ஒன்றை எடுக்கக் கூர்முனையை நூலுக்கு அடியில் கொடுக்க வேண்டும். இரண்டு துணிகளுக்கு நடுவே நீளமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது குண்டு இருக்கும் பக்கம் துணியில் படும்படி பிடிக்க வேண்டும். அந்தக் குண்டு துணியைக் குத்தாமல் காப்பதற்காகவே இருக்கிறது. ஆனால் முதல் நாளே தள்ளிக்கொண்டு போக வேண்டாம். துணி கிழியும்.

சாதாரண இயந்திரத் தையலில் இரண்டு நூல்கள்: மேலே ஊசியில் ஒன்று, கீழே பாபின் என்னும் சிறு நூல் உருளையில் ஒன்று. துணிக்கு நடுவே இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. 1846-இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரம் இப்படித்தான் தைத்தது. இன்று வீட்டில் வைத்துத் தைக்கும் இயந்திரங்களும் அதே முறையில்தான் தைக்கின்றன. எனவே ஒரு பக்கத்து நூலை நான்கைந்து தையலுக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது முழுநீளமாகக் கையோடு வந்துவிடும். மீதமிருக்கும் துண்டு நூல்களை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிடலாம்.

பிரிக்கும் வரிசை, தைத்த வரிசைக்கு நேர் எதிரானது. முதலில் கஃப் என்னும் மணிக்கட்டுப் பட்டி, பிறகு காலர். அடுத்து அக்குளிலிருந்து கீழே ஓடும் பக்கத் தையலையும் கையின் உள்தையலையும் பாருங்கள். பெரும்பாலான சட்டைகளில் இரண்டும் ஒரே ஓட்டமாக இருக்கும். அதாவது, கையை உடம்போடு விரித்தபடியே இணைத்துவிட்டு, கடைசியில்தான் பக்கத்தை மூடியிருக்கிறார்கள். இதைக் கவனித்த அன்றே சட்டை தைப்பதில் பாதி மர்மம் விலகிவிடும். பக்கத்தைப் பிரித்த பிறகு கையைத் தோளிலிருந்து எடுங்கள். கடைசியாகத் தோள் தையல்.

நான் முதன்முதலாகப் பிரித்த சட்டையின் கையை மேசையில் விரித்தபோது சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஒரு குழாய்போல இருப்பதால் விரித்தால் நீள்சதுரமாக வரும் என்று எண்ணியிருந்தேன். வந்ததோ குன்றைப்போல ஒரு வடிவம். அடியில் நேர்கோடு, மேலே மெல்ல ஏறி இறங்கும் வளைவு. கையை இரண்டாக மடித்தபோது வளைவின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு பக்கம் சற்று அதிகமாகக் குடைந்திருந்தது, அது முன்பக்கம். நாம் கையை முன்னோக்கித்தானே அதிகம் நீட்டுகிறோம்! குன்றின் வளைவையும் கைக்குழியின் வளைவையும் இஞ்ச் டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்தேன். குன்றின் வளைவு சிறிது நீளமாக இருந்தது. அந்தக் கூடுதல் துணியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளடக்கித் தைத்திருந்தார் முகம் தெரியாத ஒரு தையற்காரர். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

பிரித்த ஒவ்வொரு துண்டிலும் தையல் சாக்பீஸால் பெயர் எழுதுங்கள்: இடது முன், வலது முன், இடது கை என்று. முன் இரண்டு, முதுகு ஒன்று, தோள்பட்டைத் துண்டு உள்ளும் வெளியுமாக இரண்டு, கை இரண்டு, கஃப் நான்கு, காலரும் அதன் அடிப்பட்டியும் சேர்ந்து நான்கு, கைப் பிளவின் பட்டிகள், பாக்கெட் என்று எண்ணினால் ஒரு சட்டையில் ஏறக்குறைய இருபது துண்டுகள் வரும்.

கருவிகள்

நீண்ட பட்டியல் வேண்டாம். நல்ல கத்தரிக்கோல், இஞ்ச் டேப், குண்டூசி, சாக்பீஸ், தையல் பிரிப்பான், இஸ்திரிப் பெட்டி. துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது. காகிதம் அதன் கூரைத் தின்றுவிடும். வீட்டில் உள்ளவர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இயந்திரம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை. கையால் பின் தையல் போடத் தெரிந்தால் முழு ஆடையே தைக்கலாம். ஊசியை முன்னே ஒரு எட்டு, பின்னே அரை எட்டு என்று கொண்டுபோகும் அந்தத் தையல் நெருக்கமாகப் போட்டால் மிகவும் உறுதியானது. இயந்திரம் வாங்குவதானால் நேர்த்தையலும், இடமும் வலமுமாக வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையலும் போடுகிற எளிய இயந்திரம் போதும். நூறு வகைப் பூவேலை போடும் இயந்திரத்துக்காகச் செலவழிப்பதைவிட நல்ல இஸ்திரிப் பெட்டிக்குச் செலவழிக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இயந்திரத்தின்மேல் போடும் பழிகளில் பாதி ஊசியைச் சேர்ந்தது. உறையில் 80/12 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், ஊசித் தண்டின் பருமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. 80 என்றால் 0.8 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கு 70, சட்டைத் துணிக்கு 80, கனத்த துணிக்கு 90, ஜீன்ஸுக்கு 100. டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கு நுனி உருண்டையான ஊசி தனியே உண்டு. அது இழைகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். சாதாரண ஊசியால் தைத்தால் பின்னலில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். ஏறக்குறைய 8 மணி நேரம் தைத்தபின் ஊசியை மாற்றிவிடுங்கள். துணியில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

இயந்திரத்தோடு முதல் பழக்கம்

நூல் கோக்காமல் தொடங்குங்கள். கோடு போட்ட காகிதத்தை, ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் அடியில் வைத்துக் கோட்டின்மேல் ஓட்டிப் பாருங்கள். பிறகு வளைகோடு, சதுரம். மூலையில் ஊசி காகிதத்துக்குள் இறங்கியிருக்கும்போது பாதத்தைத் தூக்கிக் காகிதத்தைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். ஊசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் கோடு கோணும். ஊசிக்கு அடியில் உள்ள தகட்டில் இருக்கும் அளவுக் கோட்டையும் துணியின் ஓரத்தையும் பாருங்கள். ஊசி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நூல் கோக்கும்போது பாதம் தூக்கியே இருக்க வேண்டும். தூக்கியிருக்கும்போதுதான் இறுக்கும் தட்டுகள் விலகி, நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காரும். இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே நின்றுவிடும். அப்புறம் துணியின் அடியில் நூல் கூடுகூடாகச் சுருண்டுகொள்ளும். அடியில் சிக்குவதால் எல்லோரும் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். தவறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். மேலே முழுவதும் உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி, மறுபடி கோத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை அதிலேயே சரியாகிவிடும்.

தொடங்கும்போது இரு நூல் நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று தையல் முன்னே, மூன்று பின்னே, பிறகு நேராக, முடிக்கும்போதும் அப்படியே. தையலின் நீளம் 2.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். துணியை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். அடியில் இருக்கும் பல்வரிசை அதை நகர்த்தும். உங்கள் கை வழிகாட்டினால் போதும்.

முதல் தையல்: சட்டையிலிருந்து தலையணை உறை

பட்டன் பட்டியோடு இருக்கும் இரு முன்துண்டுகளையும் பட்டன் போட்டு ஒன்றாக்கிப் பரப்புங்கள். 40 சென்டிமீட்டர் சதுரத் திண்டுத் தலையணைக்கு 43 சென்டிமீட்டர் சதுரம் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்காக 1.5 சென்டிமீட்டர் விடுகிறோம். பட்டன் வரிசை நடுவில் வரட்டும். முதுகுத் துண்டிலிருந்து அதே அளவில் இன்னொரு சதுரம். இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, குண்டூசி குத்தி, நான்கு பக்கமும் தைத்துவிடுங்கள். பட்டனைக் கழற்றி அந்த வழியே புரட்டினால் உறை தயார். ஓரங்களில் பிசிறு வராமல் இருக்க, புரட்டும் முன் ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள். மூலைகளில் மிஞ்சிய துணியைக் குறுக்காக வெட்டினால் முனை கூராக நிற்கும்.

தைத்தவுடன் இஸ்திரி போடுங்கள். தையல் ஒவ்வொன்றும் முடிந்ததும், அடுத்த தையல் அதைக் குறுக்கே கடக்கும் முன், பெட்டியை வைத்து அழுத்த வேண்டும். தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். வீட்டில் தைத்தது என்று பார்த்தவுடன் தெரியும் ஆடைக்கும் தெரியாத ஆடைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

துணியின் போக்கு

ஆடையை வெட்டும் முன் துணிக்குப் போக்கு உண்டு என்று அறிந்திருக்க வேண்டும். கரைக்கு இணையாக ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். தறியில் இழுத்துக் கட்டப்பட்டது பாவு என்பதால் அந்தத் திசையில் துணி குறைவாகவே நீளும். ஊடைத் திசையில் சற்று நீளும். இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் மூலைவாட்டமாக இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல நீளும். கழுத்துக்குக் கிராஸ் பட்டி வெட்டுவது இந்தக் குணத்துக்காகத்தான், வளைவில் சுருங்காமல் படியும். ஆனால் கால்சட்டையின் கால் தெரியாமல் சாய்ந்து வெட்டப்பட்டால் நடக்க நடக்க முறுக்கிக்கொள்ளும். கரை வெட்டப்பட்ட பழைய துணியில் போக்கைக் கண்டுபிடிக்க, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள்; அது விட்டுப்போன தடம்தான் நேர்க்கோடு.

பின்னாளில் புதுத் துணி வாங்கினால் வெட்டும் முன் துவைத்துக் காயவையுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டுத் துவைக்காத பருத்தித் துணியில் கால்சட்டை தைத்தேன். அளவு அச்சாக வந்தது. முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மூன்று நாள் உழைப்பு. அன்றிலிருந்து புதுத் துணி என் வீட்டில் முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைப் பார்க்கிறது.

முதல் ஆடை: பழைய படுக்கை விரிப்பில் பைஜாமா

பழைய விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடம்பு படுத்த நடுப்பகுதி நைந்து வெளிச்சம் கசியும். ஓரங்கள் உறுதியாகவே இருக்கும். துண்டுகளை ஓரங்களிலிருந்து எடுக்க வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமான பழைய இலாஸ்டிக் பைஜாமா ஒன்றே அளவு ஆடை. அதன் முன்பக்கம் வெளியே தெரியும்படி ஒரு காலின்மேல் இன்னொரு காலை மடித்துக் காகிதத்தின்மேல் பரப்பி, இலாஸ்டிக்கை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வரைகோடு போடுங்கள். பிறகு பின்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து இன்னொரு காகிதத்தில் வரையுங்கள். இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பின்துண்டின் இடுப்பு உயரமாகவும் கவட்டு வளைவு நீளமாகவும் இருக்கும். உட்காரும்போது பின்னால் இறங்காமல் இருக்க அந்த நீளம் வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கோட்டுக்கு வெளியே பக்கங்களிலும் கவட்டிலும் 1.5 சென்டிமீட்டர், மேலே 4, கீழே 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடதும் வலதுமாக ஜோடி தானே கிடைக்கும். ஒற்றையாக விரித்து வெட்டுவதானால் இரண்டாவது முறை காகிதத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும். மறந்தால் இரண்டு இடது கால்கள் கிடைக்கும்.

தைக்கும் வரிசை இப்படி: ஒரு முன்துண்டையும் ஒரு பின்துண்டையும் வெளிப்பக்கத்தில் இணையுங்கள், பிறகு உள்பக்கத்தில். ஒரு கால் குழாயாகிவிட்டது. இன்னொன்றும் அப்படியே. இப்போது எல்லோரும் திணறும் இடம் வரும். ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்டி, புரட்டாத மற்றக் காலுக்குள் நுழைத்துவிடுங்கள். உள்தையல்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சேர வேண்டும். முன்னோடு முன், பின்னோடு பின். இப்போது கவட்டு முழுவதும் ‘யு’ வடிவத்தில் ஒரே வளைவாகத் தெரியும். அதைத் தைத்து, அதன்மேலேயே இன்னொரு முறை தையுங்கள். ஆடையில் அதிக இழுப்பு வாங்கும் இடம் அது. உள்ளிருக்கும் காலை வெளியே உருவும்போது பைஜாமா முழு உருவில் கையில் வரும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்கு அலுப்பதில்லை.

மேல் ஓரத்தை 1 சென்டிமீட்டர் மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி 3 சென்டிமீட்டர் மடித்துத் தையுங்கள். பின்னால் ஐந்து சென்டிமீட்டர் திறந்து விடுங்கள். 2.5 சென்டிமீட்டர் அகல இலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக வெட்டி, நுனியில் ஊக்குக் குத்தி நுழைத்து வெளியே எடுங்கள். முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்து, போட்டுப் பார்த்து, அதன்பிறகே நுனிகளைச் சேர்த்துத் தைத்துத் திறப்பை மூடுங்கள். கால் ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

இருப்பதைத் திருத்துதல்

தொளதொளவென்று இருக்கும் சட்டையைப் பிடிக்க, உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு பக்கங்களில் குண்டூசி குத்துங்கள். கழற்றி, இரு பக்கமும் ஒரே அளவா என்று அளந்து, நீளத் தையலாக 4 அல்லது 5 மில்லிமீட்டரில் தற்காலிகமாக ஓட்டி, மறுபடி போட்டுப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். எல்லாம் சரியென்றால் உறுதித் தையல் போட்ட பிறகே மிச்சத் துணியை வெட்ட வேண்டும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

நீளமான ஜீன்ஸைக் குறைக்கும்போது அதன் அசல் ஓரத்தை இழக்க வேண்டாம். எவ்வளவு குறைய வேண்டுமோ அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலின் அடியை வெளிப்புறமாக மேலே மடித்து, ஓர மடிப்பின் மேல் எல்லையிலிருந்து புது மடிப்பு வரை அந்தப் பாதி அளவு இருக்கும்படி செய்து, ஓர மடிப்பை ஒட்டிச் சுற்றிலும் தையுங்கள். பிறகு ஓரத்தைக் கீழே இறக்கிவிட்டால் மடிந்த துணி உள்ளே போய்விடும். 6 சென்டிமீட்டர் குறைய வேண்டும் என்றால் 3 சென்டிமீட்டர். பக்கத் தையல் வரும் தடித்த இடத்தில் பாதம் சாய்ந்து ஊசி உடையக்கூடும். பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் ஜீன்ஸ் துண்டு ஒன்றை மடித்துவைத்துச் சமப்படுத்திவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி மெல்லக் கடந்துவிடுங்கள்.

ஒட்டுப் போடும்போது பழையதோடு பழையதையே சேருங்கள். புதுத் துணி ஒட்டு முதல் சலவையில் சுருங்கி, சுற்றியிருக்கும் நைந்த துணியை இழுத்துக் கிழிக்கும். ஒட்டு கிழிசலைவிட நன்றாகப் பெரிதாக, உறுதியான துணியை எட்டிப் பிடிப்பதாக இருக்க வேண்டும். டி-ஷர்ட்டில் வேலை செய்தால் நேர்த்தையல் வேண்டாம். குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள். துணி நீளும்போது நூலும் நீண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையை நுழைக்கும்போதே பட்டென்று அறுந்துவிடும்.

பிரித்த சட்டையில் இன்னும் கைகள், காலர், கஃப் மிச்சம் இருக்கின்றன அல்லவா? அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டுக் காகிதத்தில் வைத்து வரையுங்கள். போக்கு எந்தத் திசை என்று அம்புக்குறி போடுங்கள். பழைய தையல் தடம் துணியில் இன்னும் தெரியும்; அதையும் புள்ளிப் புள்ளியாகக் காகிதத்தில் குறித்துவிட்டு, ‘ஓரம் சேர்த்து வரைந்தது’ என்று எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது மறுபடியும் 1.5 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவீர்கள். காகிதங்களைச் சுருட்டி ஒரு உறையில் போட்டு, மேலே யாருடைய சட்டை, மார்பளவு என்ன என்று குறித்துவையுங்கள். முதல் சட்டையைத் தைக்க உட்காரும் நாளில் எடுக்க வேண்டியது அந்த உறையைத்தான்.